வதனி நடக்கவைத்த இழை

தேற்றாத்தீவில் வதனி என்று கேட்டால் மூன்று வதனிகளைக் காட்டுவார்கள். டீ.என்.ஏ வதனி என்று கேளுங்கள், ஒரே ஒரு வீட்டைக் கைகாட்டிவிட்டு, காட்டிய ஆள் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அது பாராட்டிக் கொடுத்த பட்டம் இல்லை. அவள் செய்த காரியத்தைப் பற்றி வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்றில் ஒன்பது பக்கம் வந்தது. அந்த ஒன்பது பக்கத்தை ஊரில் ஒரு குருவிகூடப் படிக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத, இரண்டு கால் உள்ள ஒரு சின்னஞ்சிறு மோட்டாரை டீ.என்.ஏ இழைகளால் கட்டி அவள் நடக்கவைத்தாள். இரண்டே இரண்டு அடி. நடந்ததா என்றால் நடந்தது. அதை இப்போதே சொல்லிவிடுவோம், அதற்காக யாரும் கடைசிவரை காத்திருக்க வேண்டாம். ஊர் நினைவில் வைத்திருப்பது வேறொன்றை.

கண்ணகைக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் யசோதினி, இளையவள் வதனி. மட்டக்களப்பு வழக்கப்படி தாய்வீடு மூத்தவளுக்குச் சீதனமாகப் போயிற்று. மருமகன் ரதீஸ் வந்து அந்த வீட்டில் குடியேறினான். இளையவளுக்கு ஒரு வீடு கட்டுவதற்குள் தகப்பன் கண்ணை மூடிவிட்டார். ஆக, வதனி உண்டதும் படுத்ததும் படித்ததும் அக்காவின் வீட்டில். அதை யசோதினி ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை, சுனாமி வரும்வரைக்கும்.

வதனி வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் இரசாயனம் படித்து, முதல் வகுப்பில் தேறி, அங்கேயே ஆய்வுகூடத்தில் மாணவர்களுக்குச் செய்முறை காட்டும் வேலையில் சேர்ந்தாள். அங்கேதான் ஒருநாள் ஒரு கட்டுரை அவள் கையில் அகப்பட்டது. நம்முடைய நரம்புக்குள் ஒரு புரதம் இருக்கிறதாம். அதற்கு இரண்டு கால். பொதியைத் தூக்கிக்கொண்டு, ஒரு கயிற்றின் மேல் ஓரடி, மறு அடி என்று நடக்குமாம். ஒரு கால் ஊன்றியிருந்தால்தான் மறுகால் எழும். இரண்டும் ஒருசேர எழுந்தால் பொதியும் போச்சு, ஆளும் போச்சு. இந்தப் புரதத்தைப் பார்த்து, அதேபோல ஒன்றை டீ.என்.ஏயால் கட்டலாமா என்று எங்கோ இரண்டொரு நாடுகளில் அப்போதுதான் முயன்றுகொண்டிருந்தார்கள். படித்த அன்றே வதனிக்கு விசர் பிடித்துவிட்டது. வேறு சொல் இல்லை அதற்கு.

டீ.என்.ஏயைக் கட்டுவதற்கு முதலில் வேண்டியது பெரிய மெசின் இல்லை, பென்சில். நான்கே நான்கு எழுத்து: ஏ, ரீ, ஜீ, சீ. ஏக்கு எதிரே ரீ வந்தால் ஒட்டும், ஜீக்கு எதிரே சீ வந்தால் ஒட்டும். எந்த இழை எதோடு ஒட்டவேண்டும், எதை விட்டுக் கழலவேண்டும் என்று யோசித்து எழுத்துகளை வரிசைப்படுத்தினால் காலும் செய்யலாம், கால் மிதிக்கிற பாதையும் செய்யலாம். எழுதினதை இன்னொரு நாட்டில் உள்ள கம்பனிக்கு அனுப்பினால் அச்சொட்டாக அதே வரிசையில் இழை செய்து குப்பியில் போட்டுத் தருவான். கெட்டித்தனம் முழுக்க எழுத்தில்தான் இருக்கிறது. கால் என்று எழுதினது பாதையின் வேறு இடத்தில் போய் ஒட்டினால் நாசம். தன்னோடு தானே சுருண்டு ஒட்டிக்கொண்டாலும் நாசம்.

அதற்கு வதனி ஒரு வழி வைத்திருந்தாள். பழைய கலண்டர் தாளை விரலகல நாடாக்களாக வெட்டி, ஒவ்வொன்றிலும் ஓர் இழையின் எழுத்துகளைச் சம இடைவெளி விட்டு எழுதுவாள். ஒரு நாடாவின் கீழே இன்னொன்றை வைத்து, ஓரெழுத்து ஓரெழுத்தாக நகர்த்தி, வேண்டாத இடத்தில் எத்தனை எழுத்து ஒட்டுகிறது என்று எண்ணுவாள். ஐந்துக்கு மேல் தொடர்ந்து ஒட்டினால் நாடாவைக் கிழித்தெறிந்துவிட்டுப் புதிதாக எழுதுவாள். வாய் முணுமுணுத்தபடி இருக்கும். பார்க்கிறவர்களுக்கு யாருக்கோ சூனியம் எழுதுகிறாள் என்று தோன்றியதில் பிழை சொல்ல ஏலாது.

2004 மார்கழி இருபத்தாறு, ஞாயிற்றுக்கிழமை. கரைவலை இழுக்கிறதைப் பார்க்க மகள் மிதுனாவை ரதீஸ் கடற்கரைக்குக் கூட்டிப் போனான். அவளுக்கு ஆறு வயது. கடல் எழும்பி வந்தபோது பிள்ளையின் கை அவன் கையில்தான் இருந்தது. பிறகு இருக்கவில்லை. அவனைத் தென்னை மரத்தடியில் முறிந்த தோளோடு கண்டெடுத்தார்கள். பிள்ளையைக் காணவில்லை. மூன்றாம் நாள் கடற்கரைக்கு அரைக் கட்டை தூரம் உள்ளே ஒரு மணல் வளவில் கிடங்கு வெட்டி, சேர்ந்த உடல்களையெல்லாம் ஒன்றாய்ப் போட்டு மூடினார்கள். வெயிலுக்கு வேறு வழி இருக்கவில்லை. அந்தக் கிடங்கில் மிதுனா வயதில் ஐந்து பெண்பிள்ளைகள் என்று கிராம அலுவலர் விதானையார் எழுதிவைத்திருந்தார். முகம் சொல்லுகிற நிலையில் ஒன்றும் இருக்கவில்லை.

வீட்டுச் சுவர் வெடித்துப்போனதால் குடும்பம் பள்ளிக்கூடத்து முகாமுக்குப் போயிற்று. ரதீஸ் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். ஏன் கையை விட்டாய் என்று யசோதினி அவனை ஒரு தரம்கூடக் கேட்கவில்லை. கேட்டால் அந்த ஆள் செத்துவிடுவான் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் நெஞ்சுக்குள் கிடந்த நெருப்பு எங்காவது போகத்தானே வேண்டும்? முகாமில் ஒரு ரீ.வி இருந்தது. அதில் நாள் முழுக்க டீ.என்.ஏ, டீ.என்.ஏ என்று கத்தினார்கள். யசோதினி எழுந்து வந்து தங்கச்சியின் முன்னால் நின்றாள்.

“டீ.என்.ஏ பாத்தா ஆர்ர பிள்ளையெண்டு தெரியுமாமே. நீ நாள் முழுக்க அதைத்தானேகா செய்யிறாய்?”

“நான் செய்யிறது அது இல்லக்கா.”

“டீ.என்.ஏ இல்லையா?”

“டீ.என்.ஏதான். ஆனா நான் பாக்கிறதில்ல, கட்டுறன்.”

“பாக்கத் தெரியாதவளுக்குக் கட்ட மட்டும் எப்பிடித் தெரியும்?” என்றாள் யசோதினி. “சொல்லன். உனக்கு மனமில்ல. அதைச் சொல்லு.”

முகாமே கேட்டுக்கொண்டிருந்தது. அன்றைக்கு மாலைக்குள் கதை கரையோரம் முழுக்கப் பரவிவிட்டது: தேற்றாத்தீவில் ஒரு படித்த பெட்டைக்கு டீ.என்.ஏ தெரியும், ஆனால் பார்த்துச் சொல்லமாட்டாளாம், பெருமை! ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஒருவர் சட்டை கொண்டுவந்தார். ஒருத்தி பிள்ளை குடித்த போத்தல் கொண்டுவந்தாள். காத்தான்குடியிலிருந்து சாலிஹ் என்று ஒரு மனிதர், மனைவியின் சீப்பை முடியோடு பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு சைக்கிளில் வந்தார். வதனி அவருக்கு உள்ளதைச் சொன்னாள். அந்த மெசின் என்னிடம் இல்லை, அந்த வேலை எனக்குத் தெரியாது, நான் படிக்கிறது வேறு. சாலிஹ் பொறுமையாகக் கேட்டார். பையைத் திரும்பவும் மடித்தார்.

“அப்ப என்னத்துக்கு மகள் இதைப் படிச்சீங்க?” என்று கேட்டுவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.

அந்த மனிதர் ஏசியிருந்தால் வதனி பதிலுக்கு ஏசியிருப்பாள். அந்த ஒரு கேள்வி அவளை மூன்று நாள் சோறு தின்னவிடவில்லை. இருந்தாலும் கவனியுங்கள், முன்பின் தெரியாத சாலிஹுக்கு அவளால் உண்மை சொல்ல முடிந்தது.

மாசி மாதம் வீட்டுக்குத் திரும்பினார்கள். சின்னப்பிள்ளைக்குப் பால்பல் விழுந்தால் அணிலைக் கூப்பிட்டு, பல்லைக் கூரைமேல் எறிவது ஊர்வழக்கம். மிதுனாவுக்கு முதல் பல் விழுந்தது கார்த்திகையில், அவளே எறிந்திருந்தாள். யசோதினி ஏணி வைத்துக் கூரையில் ஏறினாள். வெடித்த வீட்டின் ஓடுகளை ஒவ்வொன்றாக எடுத்து, அடியில் கிடந்த சருகையும் மண்ணையும் சுளகில் வாரி, இரண்டு நாள் புடைத்தாள். ஊர்ச் சனம் ரோட்டில் நின்று பார்த்தது. மூத்தவளுக்கும் பிசகிவிட்டது என்று பேசிக்கொண்டது. மூன்றாம் நாள் காலை அவள் கீழே இறங்கி வந்தாள். உள்ளங்கையில் அரிசி அளவில் ஒரு பல்.

“இந்தா. பல்லில இருக்காம். ரீ.வியில சொன்னவங்க. இனி என்ன சாட்டுச் சொல்லப்போறாய்?”

“அக்கா, நான் எத்தினை தரம்...”

“நீ படுக்கிற பாய் ஆர்ர? நிக்கிற நிலம் ஆர்ர? என்ட வீட்டில இருந்து திண்டுபோட்டு என்ட பிள்ளைய ஆரெண்டு பாத்துச் சொல்ல ஏலாதோ உனக்கு? மிதுனாவும் நீயும் ஒரு வயித்துவாரடி, ஒரே தாய்வழி ரத்தமடி! பாவி!”

வதனி அன்றைக்கு மூன்றாம் இழையின் முடிச்சை அவிழ்க்கும் நிலையில் இருந்தாள். இரண்டு காலும் ஒரே நேரத்தில் கழன்றுபோகிற பிழை ஒன்று. அதற்கு ஒரு வழி தலைக்குள் வந்துகொண்டிருந்தது. இந்தச் சத்தம் நின்றால் போதும் என்று இருந்தது அவளுக்கு. வாயிலிருந்து சொல் வந்துவிட்டது.

“தா. வெளிநாட்டுக்கு அனுப்பிப் பாக்கிறன்.”

அவ்வளவுதான். யசோதினி அப்படியே நிலத்தில் குந்தி அழுதாள். பிறகு எழும்பித் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து தங்கச்சிக்குக் கொடுத்தாள். வதனி அதைக் குடித்தாள். பல்லை ஒரு பிலிம் ரோல் டப்பாவில் போட்டு, வந்தாறுமூலையில் தன் மேசை லாச்சிக்குள் வைத்தாள். எங்கே அனுப்புவது? எந்தக் கிடங்கைத் தோண்டி எந்த எலும்போடு ஒப்பிடுவது? அதைக் கேட்க ஆணைப்பத்திரம் வேண்டும், வைத்தியர் வேண்டும், பொலிஸ் வேண்டும். ஒரு பல்லை மட்டும் அனுப்பி என்ன பயன்? இதையெல்லாம் உட்கார்ந்து அக்காவுக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பொய் சொன்ன பிறகு வீடு அமைதியாக இருந்தது, அவளுக்கு எழுத முடிந்தது. கேவலமான காரணம்தான். ஆனால் அதுதான் காரணம்.

அமைதி எத்தனை நாளைக்கு? “என்ன மறுமொழி வந்ததா?” என்று யசோதினி கிழமைக்கொரு முறை கேட்டாள். “வரிசையில கிடக்கு” என்பாள் வதனி. ரதீஸ் வேலைக்கென்று கட்டாருக்குப் போனான். போனவனிடமிருந்து வரவர ரெலிபோனும் குறைந்தது. மிதுனாவுக்குச் சாவுச் சடங்கு ஒன்றும் நடக்கவில்லை: எட்டுச் செலவு இல்லை, அந்தியேட்டி இல்லை, படத்துக்கு மாலை இல்லை. “மறுமொழி வரட்டும். ஐஞ்சில எது என்ட பிள்ளையெண்டு தெரியாம நான் ஆருக்கெண்டு தண்ணி விடுற?” என்று யசோதினி தாயை அதட்டினாள். கண்ணகை அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

2006இல் சண்டை மறுபடியும் தொடங்கியது. படுவான்கரையிலிருந்து ஷெல் சத்தம் வாவியைத் தாண்டிக் கேட்டது. பஸ் ஓடாத ஒருநாள் வதனி வீட்டில் இருந்து நாடாக்களை நகர்த்திக்கொண்டிருந்தாள். யசோதினி குசினியிலிருந்து வந்தாள். “ரெண்டு வருசமாகுது. என்ட பிள்ளை வரிசையில கிடக்கிறாள், உனக்குக் கடுதாசி விளையாட்டு!” பாயில் பரப்பிக் கிடந்த முந்நூற்றுச் சொச்ச நாடாக்களையும் இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு போய் அடுப்பில் போட்டாள். வதனி ஓடிப்போய் இழுத்ததில் விரல்தான் சுட்டது. இருவரும் தலைமயிரைப் பிடித்துக்கொண்டார்கள். கண்ணகை நடுவில் விழுந்து விலக்கினாள். படித்த பெண், முப்பதை எட்டுகிற பெண், அக்காவின் கையைக் கடித்தாள்.

எரிந்ததையெல்லாம் ஞாபகத்திலிருந்து திரும்ப எழுத அவளுக்குப் பத்தொன்பது நாள் பிடித்தது. எழுதும்போது, பழைய வரிசையில் இருந்த இரண்டு பிழைகளும் கண்ணில் பட்டன. அக்கா எரித்தது நல்லதாகப் போயிற்று என்று நினைத்தாளே தவிர, மன்னிக்கவில்லை. இனி அந்தப் பொய்க்கும் இந்த நெருப்புக்கும் சரி என்று மனதுக்குள் ஒரு தீர்ப்பும் எழுதிக்கொண்டாள். வசதியான தீர்ப்பு.

அடுத்த வருடம் ஆய்வுகூடத்தில் பழைய மேசைகளை மாற்றிப் புதியவை போட்டார்கள். அவரவர் லாச்சியை அவரவர் வெறுமையாக்கிவைக்கச் சொல்லி ஒரு கிழமை முன்பே அறிவித்தல் ஒட்டியிருந்தது. வதனி தன் கொப்பிகளை எடுத்தாள், பேனாக்களை எடுத்தாள், கத்தரிக்கோலைக்கூட எடுத்தாள். டப்பாவை மறந்துவிட்டாள். நான்கு நாள் கழித்து, பஸ்ஸில் வரும்போது, ஆரையம்பதிக்குக் கிட்டத் திடீரென்று ஞாபகம் வந்தது. அந்த இடத்திலேயே இறங்கி அடுத்த பஸ்ஸில் திரும்பி ஓடினாள். மேசை எப்போதோ ஏலத்தில் போய்விட்டது. குப்பை எரித்த இடத்தைக் கிளறினாள், இரண்டு கடைகளில் போய்க் கேட்டாள். வெற்று டப்பா என்று யாரோ எறிந்திருப்பார்கள். யாரைக் குறை சொல்ல? அவளையே அவள் குறை சொன்னாள், வாய்க்குள்.

அன்றுவரை அது திருத்தக்கூடிய பொய்யாக இருந்தது. பல்லைத் திருப்பிக் கொடுத்து, காலில் விழுந்து, ஏச்சு வாங்கி முடித்திருக்கலாம். இனி முடியாது. “வரிசையில கிடக்கு” என்று அதற்குப் பிறகு அவள் சொன்ன ஒவ்வொரு தரமும் பயத்தில் சொன்னது. பயம் கூடக்கூட அவள் வேலை வேகமாயிற்று. இழைகள் பன்னிரண்டாக முடிந்தன. மிதிப்பதற்கு மூன்று படி உள்ள ஒரு பாதை, இரண்டு கால், காலைப் படியோடு பூட்டுகிற இழைகள், பூட்டைக் கழற்றுகிற இழைகள். ஒவ்வொரு படிக்கும் வேறு வேறு எழுத்து. ஒன்றின் பூட்டைக் கழற்றும் இழை மற்றதைத் தொடாது. எந்த நேரமும் ஒரு கால் ஊன்றியிருக்கும். முழுவதையும் ஒரு வெளிநாட்டுப் பேராசிரியைக்கு மின்னஞ்சலில் அனுப்பினாள். அந்த அம்மாள் மூன்றாம் நாளே பதில் எழுதினார்: இதைக் கையால் செய்தீர்களா? இழைகளை நான் செய்வித்து அனுப்புகிறேன். எங்கே அனுப்ப? வதனி வீட்டு விலாசத்தைக் கொடுத்தாள். லாச்சி விசயத்துக்குப் பிறகு வேறெந்த இடத்தையும் அவள் நம்பவில்லை.

2009 வைகாசியில் வன்னியில் எல்லாம் முடிந்தது. கிழமை நாட்களில் வதனி வந்தாறுமூலையிலேயே ஒரு அறையில் தங்கியிருந்தாள். வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போகப் பஸ் ஏறினாள். வழியில் வெற்றி என்று வெடி கொளுத்திக்கொண்டிருந்தார்கள். சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்து, ஆளுக்கொரு துண்டு பாற்சோறு கொடுத்தார்கள். பஸ்ஸில் ஒரு தாய், மகன் வன்னிக்குள் அகப்பட்டவள், சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு முன்னே பார்த்தபடி இருந்தாள். ஆமிக்காரன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் வாயில் வைத்தாள். பிறகுதான் பஸ் போக விட்டார்கள்.

வீட்டில் கண்ணகை மட்டும் வாசலில் நின்றாள். வெள்ளைச் சேலை.

“வா மனே. உன்னைத்தான் பாத்துக்கொண்டு நிக்கிறன். மிதுனா வந்திட்டாள்.”

“என்னம்மா சொல்றீங்க?”

“புதன்கிழமை தபால்காரன் கொண்டுவந்து தந்தான். அக்காதான் கையெழுத்து வச்சு வாங்கினாள். பெட்டியில டீ.என்.ஏயெண்டு எழுதிக்கிடக்கு, அவள் வாசிச்சிட்டாள். உள்ளுக்கு பன்னிரண்டு குப்பி. அடியில சாம்பல் மாதிரிக் கொஞ்சம் கொஞ்சம் வெள்ளையா. இவ்வளவுதானா என்ட பிள்ளையெண்டு ஒரு நாள் முழுக்க மடியில வச்சிருந்தாள். கடலுக்கு இனிக் குடுக்கமாட்டாளாம். குருக்களைக் கூட்டிக்கொண்டு வாவிக்கரைக்குப் போயிட்டாள்.”

மேசையில் திறந்த பெட்டி. வதனி பையைப் போட்டுவிட்டு ஓடினாள். கண்ணகை பின்னால் வந்தாள்.

வாவிக்கரையில் குருக்கள் வாழையிலை விரித்து உட்கார்ந்திருந்தார். நாலைந்து பெண்கள் நின்றார்கள். யசோதினி முழங்கால் தண்ணீரில் நின்று, ஒரு குப்பியில் வாவித் தண்ணீரை விட்டுக் குலுக்கி ஊற்றிக்கொண்டிருந்தாள். ஐந்து வெறுங்குப்பிகள் இலையில் ஒருபக்கம். ஆறு மற்றப் பக்கம். வதனி முதலில் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை, குப்பிகளின் இலக்கங்களைத்தான் பார்த்தாள். போனது பாதையும் ஒரு பூட்டும். இனிப் போக இருப்பதில் இரண்டு பூட்டு, இரண்டு கால், பூட்டைக் கழற்றுகிறவை இரண்டு.

“வந்திட்டியா?” என்றாள் யசோதினி. நாலரை வருடத்தில் அந்த முகத்தில் அப்படி ஒரு சாந்தத்தை வதனி கண்டதில்லை. “வா, இறங்கு. நீயும் கையப் பிடி. நீதானே எனக்கு எடுத்துத் தந்தனீ. பேசாத பேச்செல்லாம் பேசிப்போட்டன், கையால அடிச்சும் போட்டன். மனசில வச்சிருக்காத தங்கச்சி.”

தங்கச்சி என்று கூப்பிட்டு எவ்வளவு காலம்! வதனி தண்ணீரில் இறங்கினாள். அக்காவின் கையைப் பிடித்தாள். வாயைத் திறக்கவேண்டாம், போனால் போகட்டும் என்று அந்த நிமிடம் உண்மையாகவே முடிவெடுத்தாள். ஏழாவது குப்பி போயிற்று. எட்டாவது போயிற்று. குருக்கள் மந்திரம் சொன்னார். இழையின் வரிசையெல்லாம் கொப்பியில் பத்திரமாக இருக்கிறது. பேராசிரியைக்கு ஒரு கடிதம் எழுதினால் இன்னொரு பெட்டி வரும். ஆறு மாதம் பிந்தும், அவ்வளவுதான். அந்த ஆறு மாதத்தில் வேறு நாட்டில் எவனாவது இதைச் செய்து தன் பேரைப் போட்டுவிடுவானே! அந்த நினைப்பு தலைக்குள் வந்ததும் போகமாட்டேன் என்று நின்றது. யசோதினி ஒன்பதாவது குப்பியை எடுத்து மூடியைத் திருகினாள். முதலாவது கால்.

“அக்கா, நில்லு. அதில மிதுனா இல்ல.”

“என்ன?”

“இதெல்லாம் நான் எழுதினது. என்ட வேலை. மிதுனாட பல்லை நான் அனுப்பவேயில்ல.”

குருக்களின் வாய் நின்றது. கரையில் நின்ற ஒருத்தி “ஐயோ” என்றாள். யசோதினி கையை உருவிக்கொண்டாள்.

“அப்ப பல்லு எங்க?”

வதனியின் கண் குப்பியின் மூடியில் இருந்தது.

“பல்லு எங்கடி?”

“துலைஞ்சுபோச்சு.”

“எப்ப?”

“ரெண்டு வருசமாகுது.”

யசோதினி அடிப்பாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். வதனியும் நினைத்தாள், கன்னத்தைக் காட்டிக்கொண்டுதான் நின்றாள். அவள் அடிக்கவில்லை. கையிலிருந்த குப்பியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள்.

“இப்ப ரெண்டு குப்பி ஊத்தக்குள்ள என்ட கையப் பிடிச்சுக்கொண்டு நிண்டாய். அப்ப வாய் திறக்கல்ல. இதுக்கு மட்டும் திறந்தாய். இதில என்ன கிடக்கு?”

“கால்.”

“ஆர்ர கால்?”

எத்தனையோ முறை எத்தனையோ பேருக்கு விளக்கியவள் வதனி. ஆறு வயதுப் பிள்ளைக்கும் புரிகிறமாதிரிச் சொல்லத் தெரிந்தவள். அந்தத் தண்ணீரில் நின்று அவளால் ஒரு சொல் சொல்ல ஏலவில்லை.

“எனக்காகச் சொல்லல்ல. பிள்ளைக்காகவும் சொல்லல்ல,” என்றாள் யசோதினி. சத்தமே இல்லை அந்தக் குரலில். “இந்தக் குப்பிக்காகச் சொன்னாய்.”

பிறகு குருக்களைப் பார்த்தாள். “ஐயா, விட்ட இடத்தில இருந்து சொல்லுங்க.”

“எதை வச்சுப் பிள்ளை செய்யிற? ஒண்டுமில்லையே.”

“பேர் கிடக்குத்தானே. மிதுனா. அதைச் சொல்லிச் செய்யுங்க. இனி நான் ஒருத்தரையும் காத்துக்கொண்டிருக்கமாட்டன்.”

குருக்கள் தொண்டையைச் செருமிவிட்டு மறுபடி தொடங்கினார். யசோதினி கரைக்கு ஏறி, இலையில் மிச்சமிருந்த மூன்று குப்பிகளையும் எடுத்தாள். கையிலிருந்ததன் மூடியை இறுக்கினாள். தண்ணீருக்குள் திரும்பி வந்து, தங்கச்சியின் கையை விரித்து, நான்கையும் ஒவ்வொன்றாக அதில் வைத்தாள். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள்.

“இந்தா. கவனமா வச்சிரு,” என்றாள். “இதையும் துலைச்சிராத.”